வாங்கிய பாட்டும் திருப்பிய பாட்டும்

கடன் வாங்காத கலை உலகத்தில் எங்கேனும் உண்டா என்று கேட்டால், இல்லை என்றே விடை கூற வேண்டியிருக்கும். புலவன் முன்னோரிடமிருந்து யாப்பை வாங்குகிறான். பாடகன் ஆசானிடமிருந்து இராகத்தை வாங்குகிறான். கூத்தாடி ஊராருடைய நடையையும் பேச்சையும் வாங்குகிறான். வாங்குவது குற்றமன்று, வாங்கியதை என்ன செய்தான் என்பதே கேள்வி. நாம் ஒரு செம்பனைத் தோட்டத்துக் காரியாலயத்தில் கிராணி வேலை பார்த்துப் பிழைப்பவர். பற்று ஒரு பக்கமும் வரவு ஒரு பக்கமுமாக எழுதி எழுதிப் பழகிய கை நம்முடையது. ஆகவே பாட்டைப் பற்றி எழுதப் புகுந்தாலும் பற்று வரவு முறையிலன்றி வேறு முறையில் யோசிக்க நமக்கு வருவதில்லை. வாசகர்கள் பொறுத்தருள்வார்களாக.

மலாயாத் தமிழருடைய பாட்டுக் கணக்கை எடுத்துப் பார்த்தால் பற்றுப் பக்கம் நிரம்பி வழிகிறது. வரவுப் பக்கமோ வெகு காலம் வெறுமையாகவே கிடந்தது. நாம் குடியிருப்பது பத்துமலையடிவாரம். தைப்பூசம் நெருங்கினால் ஒலிபெருக்கிகள் இரவு பகல் ஓய்வதில்லை. அவற்றில் வரும் பாட்டுக்களில் பெரும்பாலானவை எங்கே பிறந்தவை? சென்னையிலே. பாட்டனார் காலத்தில் கிராமபோன் பிளேட்டாகக் கப்பலில் வந்தது. தந்தையார் காலத்தில் வானொலியிலும் படக்கொட்டகையிலும் வந்தது. பிறகு ஒலிநாடாவாகவும் குறுந்தட்டாகவும் பிரிக்பீல்ட்ஸ் கடைகளிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலைக் கடைகளிலும் அடுக்கி விற்கப்பட்டது. இன்று கைப்பேசியிலே வருகிறது. வந்ததேயன்றிப் போனது மிகச் சொற்பம். இந்நாட்டுத் தமிழர் பாட்டைக் கேட்கப் பிறந்தவரே தவிரப் பாட்டை உண்டாக்கப் பிறந்தவரல்லர் என்ற ஓர் எண்ணம், ஒருவரும் வாய் திறந்து சொல்லாமலே, நம் இலயங்களிலும் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளிலும் ஊறிப்போய்விட்டது.

இந்த எண்ணத்தை அசைத்த ஓர் இசைத்தட்டைப் பற்றியே இங்கே பேச விரும்புகிறோம். ஆயினும் ஆங்கிலவழிப் பள்ளியில் படித்த காரணத்தால், தாய்மொழிப் பாட்டுக்கு முன்னதாக ஆங்கிலப் பாட்டைத் தேடிக் கேட்கும் வழக்கம் நமக்கு ஏற்பட்டிருந்தது. அவ்வழியே நாம் அறிந்த இரண்டு விசித்திர மனிதர்களின் கதையை முதலிற் கூறி, அதை உரைகல்லாக வைத்துக்கொண்டு நம் ஊர்க் கதைக்கு வருவோம்.

பில் டிரம்மண்ட், ஜிம்மி காட்டி என்னும் அவ்விருவரும் 1987-ம் ஆண்டு பிறந்தவுடன் பிரிட்டனில் ஒரு பாட்டுக்குழு தொடங்கினார்கள். பிற்காலத்தில் அது தி கே.எல்.எப். என்று பெயர் பெற்றது. நமது கே.எல். பட்டணத்துக்கும் இப்பெயருக்கும் யாதொரு சம்பந்தமுமில்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்! அவ்வாண்டிலேயே அவர்கள் வெளியிட்ட முதல் பெருந்தட்டின் பெயரும் '1987' என்றே தொடங்கியது. பிறருடைய இசைத்தட்டுக்களிலிருந்து துண்டு துண்டாக எடுத்துக் கோத்து, அதன் மேல் தமது பேச்சுப்பாட்டை ஏற்றி அமைத்த தட்டு அது. சுவீடன் நாட்டின் புகழ் பெற்ற அப்பா குழுவினருடைய 'டான்சிங் குயீன்' பாட்டிலிருந்து பெரும் பகுதியை அனுமதியின்றியே எடுத்துப் போட்டிருந்தார்கள். இசையுரிமை காக்கும் சங்கத்தார், தட்டை விற்கக்கூடாது, மிச்சமிருப்பதையெல்லாம் அழித்துவிட வேண்டும் என்று கட்டளையிட்டனர். இருவரும் அப்பா குழுவினரை நேரிற்கண்டு பேசலாமென்று சுவீடனுக்கே பயணமானார்கள். காண முடியவில்லை. மிச்சத் தட்டுக்களில் ஒரு பங்கை ஒரு வயல்வெளியில் தீயிட்டார்கள். இன்னொரு பங்கைத் திரும்பி வரும் கப்பலிலிருந்து கடலில் எறிந்தார்கள்.

கதை அதோடு முடியவில்லை. எடுத்தாண்ட துண்டுகளையெல்லாம் வெட்டி நீக்கிவிட்டு அதே தட்டை மறுபடியும் வெளியிட்டார்கள். துண்டுகள் இருந்த இடங்களில் நெடிய மௌனம்! அந்த இடங்களை எந்தெந்தப் பழைய தட்டைச் சுழலவிட்டு நிரப்பிக்கொள்ளலாம் என்று உறையின்மேல் கேட்பவருக்குக் குறிப்பு எழுதியிருந்தார்கள். இப்படியும் ஒரு தட்டு உண்டோ என்று வாசகர் நகைக்கலாம். ஆனால் இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பாட்டென்பது பாடுகிறவன் பெட்டிக்குள் மட்டும் இருப்பதன்று, கேட்பவன் வீட்டிலும் பாதி இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எவர் சொல்ல முடியும்?

மறு ஆண்டு, 1988-ல், வேறொரு பெயர் பூண்டு, தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் பழைய இசையை மற்றொரு பழைய பாட்டோடு பிணைத்து ஒரு தட்டு விட்டார்கள். அது பிரிட்டனில் விற்பனையில் முதலிடம் பிடித்தது. உடனே, கையில் காசும் இசைப் பயிற்சியும் இல்லாதவன் முதலிடம் பிடிப்பது எப்படி என்று ஒரு கைந்நூலே எழுதி வெளியிட்டார்கள். 1991-ல் புகழின் உச்சியிலிருந்தவர்கள், 1992 பிப்ரவரியில் ஒரு பரிசளிப்பு விழா மேடையிலே, குண்டில்லாத வெற்றுத் தோட்டாவைத் துப்பாக்கியில் இட்டுச் சபையோரை நோக்கிச் சுட்டுக் கலவரப்படுத்தினார்கள். மே மாதத்தில் இசைத்தொழிலை விட்டோமென்று அறிவித்து, தமது தட்டுக்கள் அனைத்தையும் பிரிட்டன் கடைகளில் கிடைக்காதபடி நிறுத்தினார்கள். 1994 ஆகஸ்டு 23-ந் தேதி, ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜூரா தீவில், சம்பாதித்த பணத்தில் பத்து லட்சம் பவுனை நோட்டு நோட்டாக நெருப்பில் இட்டுச் சுமார் ஒரு மணி நேரத்தில் சாம்பலாக்கினார்கள். நிறுத்திய பாட்டுக்கள் இணையத்தில் கேட்கும்படி மறுபடி வரத் தொடங்கியது 2021-ம் ஆண்டுப் பிறப்பன்றுதான்.

துணிவு உண்டு, நகைச்சுவை உண்டு, பணத்துக்கு அடிமையாகாத நெஞ்சும் உண்டு. இவற்றை மறுப்பார் யார்? எனினும் கணக்கெழுதும் நம் கண்ணுக்கு ஒரு குறை தென்படாமற் போகவில்லை. வாங்கினார்கள், எரித்தார்கள், சம்பாதித்தார்கள், எரித்தார்கள். பற்றும் பூஜ்யம், வரவும் பூஜ்யம் என்று கணக்கை மூடிவிட்டார்கள். எரிக்கும்படியான பொருள் கையில் இருப்பவனுக்கு அது ஒரு கலையாகலாம். மாதக் கடைசியில் அரிசிக்கடைப் பாக்கியை எண்ணிப் பார்க்கிற குடும்பத்தில் பிறந்தவனுக்கு அந்தக் கலை ஏற்குமா?

நிற்க. துண்டெடுத்துக் கோக்கும் இவ்வித்தை அவ்விருவரும் கண்டுபிடித்ததன்று. நியூயார்க் பட்டணத்தின் பிராங்ஸ் பகுதியில், 1973 ஆகஸ்டு 11-ந் தேதி, ஜமைக்காவிலிருந்து குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்த கூல் ஹெர்க் என்னும் இளைஞர் ஓர் அடுக்குமாடி வீட்டு விருந்தில் இரண்டு தட்டுச்சுழற்றிகளை வைத்துக்கொண்டு, பாட்டில் தாளம் மட்டும் ஒலிக்கும் சிறு பகுதியைத் திருப்பித் திருப்பி ஓட்டி ஆடவைத்தார். ஹிப் ஹாப் பிறந்த நாளென்று அந்நாளையே கொண்டாடுகிறார்கள். 1979-ல் 'ராப்பர்ஸ் டிலைட்' என்ற தட்டு உலகெங்கும் பரவியபோது, அதன் அடித்தளம் சிக் என்னும் குழுவின் 'குட் டைம்ஸ்' பாட்டிலிருந்து எடுத்ததாக இருந்தது. உரியவர் பெயர்கள் பிற்பாடு சேர்க்கப்பட்டன. வாத்தியம் வாங்க வசதியற்ற ஏழை மக்கள், வீட்டிலிருந்த பழைய தட்டையே வாத்தியமாக்கிக்கொண்டார்கள். அவர்கள் கடன் வாங்கியது விளையாட்டுக்காகவன்று. வேறு முதல் இல்லாமையினாலே.

அவ்வித்தை நம் பட்டணத்துக்கு வந்து சேர்ந்தபோது என்ன ஆயிற்று? கோலாலம்பூரில் யோகி பி என்பவரும் தோழர்களும் பொயட்டிக் அம்மோ என்றொரு குழு கண்டு, 1998-ல் முதல் தட்டை வெளியிட்டார்கள். ஆங்கிலமே முதன்மையாயினும் மலாய், தமிழ், கான்டனீஸ் ஆகிய மொழிகளும் அதில் இடம் பெற்றன. நம் ஊர்ப் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் எத்தனை மொழி காதில் விழுமோ அத்தனையும் ஒரே தட்டில்! பிறகு யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகிய இருவருடன் சேர்ந்து, யோகி பி அண்ட் நட்சத்ரா என்ற பெயரில், 2006-ல் 'வல்லவன்' என்னும் முழுத் தமிழ் ஹிப் ஹாப் தட்டைக் கொண்டுவந்தார். பத்துமலையில் 42.7 மீட்டர் உயர முருகன் சிலை திறக்கப்பட்டதும் அவ்வாண்டு ஜனவரியிலேதான். சிலையைக் காண உலகம் வந்தது. தட்டு உலகத்தைத் தேடிப் போயிற்று.

அத்தட்டின் பேர்பெற்ற பாட்டு 'மடை திறந்து'. 1980-ல் வெளிவந்த 'நிழல்கள்' படத்துக்காக வாலி எழுதி, இளையராஜா இசையமைத்து, எஸ்.பி. பாலசுப்பிரமணியம் பாடிய பழைய பாட்டின் பல்லவியை நடுவில் நிறுத்தி, அதைச் சுற்றித் தமது சொல்லடுக்கைக் கட்டியிருந்தார்கள். எடுத்த பாட்டு எப்படிப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். 'நிழல்கள்' வேலையற்ற இளைஞர்களின் கதை. இசையமைப்பாளனாக வேண்டுமென்று ஏங்கும் ஓர் ஏழை வாலிபன், தன் கனவிலே பாடுவதாக அமைந்த பாட்டு அது. இருபத்தாறு ஆண்டுகளுக்குப்பின், சென்னைக்குக் கடல் கடந்த ஓர் ஊரில், அதே ஏக்கமுள்ள வாலிபர்கள் அந்தக் கனவைக் கையிலெடுத்து, கனவன்று, நனவே என்று சொல்லுமாறு பாடினார்கள். பொருத்தமறிந்து வாங்கிய கடன் இதுவே என்க.

அப்போது நாம் பள்ளி மாணவர். வீட்டில் பாட்டியாரோடு பேசுவதற்கு மட்டும் தமிழ் என்றும், மற்றெல்லாவற்றுக்கும் ஆங்கிலமென்றும் பாகப்பிரிவினை செய்துகொண்டு வளர்ந்த பிள்ளைகள் எங்கள் வகுப்பில் பலர். அந்தப் பாட்டு வந்த பின்னர், மலாய்க்காரத் தோழர்களும் சீனத் தோழர்களும் எங்களிடம் வந்து, "இந்த வரிக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்கலானார்கள். அர்த்தம் சொல்வதற்காகவே சில தமிழ்ச் சொற்களை நாங்கள் அகராதியில் தேடும்படி நேர்ந்தது. பாடப்புத்தகம் செய்யாத காரியத்தை ஒரு குறுந்தட்டு செய்தது.

இனி வரவுப் பக்கத்தைப் பார்ப்போம். 1979-ல் 'நினைத்தாலே இனிக்கும்' என்றொரு படம் வந்தது. தமிழ்நாட்டிலிருந்து ஒரு பாட்டுக்குழு சிங்கப்பூருக்கு வந்து பாடுவது அதன் கதை. அதில் கண்ணதாசன் எழுதி, எம்.எஸ். விசுவநாதன் இசையமைத்து, பாலசுப்பிரமணியம் பாடிய 'எங்கேயும் எப்போதும்' என்ற பாட்டு அந்நாளில் இந்தப் பக்கமெல்லாம் ஒலித்தது. 2007-ல் வெற்றிமாறனுடைய முதற்படமாகிய 'பொல்லாதவன்' வந்தபோது அப்பாட்டை ஜி.வி. பிரகாஷ்குமார் புதுப்பித்தார். அதில் பாலசுப்பிரமணியத்தின் குரலோடு சேர்ந்து ஒலித்தது யாருடைய குரல்? யோகி பியுடைய குரல். கதையில் சென்னைப் பாடகர்கள் கடல் கடந்து பாட வந்த அதே பாட்டுக்கு, இருபத்தெட்டு ஆண்டு கழித்து இங்கிருந்து ஒரு குரல் கடல் கடந்து போய்ச் சேர்ந்தது. பத்தாண்டு சென்று, 2017-ல், 'விவேகம்' படத்தில் அனிருத் இசையமைத்த 'சர்வைவா' பாட்டிலும் அக்குரல் கேட்டது. பற்றுப் பக்கம் மட்டுமே இருந்த பேரேட்டில் வரவு விழத் தொடங்கிவிட்டது.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. லண்டனில் பிறந்து ஈழத்தில் வளர்ந்து மீண்டும் லண்டன் சேர்ந்த எம்.ஐ.ஏ. என்னும் பெண்மணி, தந்தையார் பெயரால் 2005-ல் 'அருளர்' என்றும் தாயார் பெயரால் 2007-ல் 'கலா' என்றும் தட்டுக்கள் வெளியிட்டார். 'கலா'வில் உறுமியின் முழக்கம் ஆங்கிலப் பாட்டினூடே அதிர்கிறது. வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து முனகவைக்கும் அந்த உறுமியைப் பத்துமலைக் காவடிகளுக்கு முன்னே நம் தோட்டத்துப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக வாசித்து வருகிறார்கள். நாம் தினமும் கேட்டுச் சலித்த ஒலியை மேல்நாட்டார் காசு கொடுத்துக் கேட்டார்கள்.

இதற்கு மறுப்பாக இரண்டு வாதங்கள் சொல்லப்படுவதுண்டு. ஒன்று, இப்பாட்டால் தமிழ் கெடுகிறது என்பது. ஆங்கிலம் கலந்திருப்பது மெய்யே. ஆனால் மோனையும் எதுகையும் இயைபும் இன்றி இப்பாட்டு ஒரு நாழிகை நிற்குமா? பாட்டின் உயிர்நாடியே சொல்லின் ஓசையொப்புமையில் இருக்க, அதற்காக நல்ல தமிழ்ச் சொல்லை நாள் முழுதும் தேடித் திரியும் வாலிபன் தமிழைக் கெடுக்கிறானா, வளர்க்கிறானா? கோபத்துக்கும் களிப்புக்கும் உதவாமல் ஏட்டில் கட்டிப் பரணில் வைத்த மொழியே கெட்டுப்போகும் மொழியாகும். மற்றொன்று, பிள்ளைகள் வேலை வெட்டியின்றிக் கெடுகிறார்கள் என்பது. இதற்கு வாதத்தால் விடை சொல்வதைவிட, நம் கண்முன் நடந்த ஒன்றைக் கூறுவது நலம்.

சில ஆண்டுகளுக்கு முன், நம் தோட்டத்தில் முதலில் பால்வெட்டி, ரப்பர் அழிந்து செம்பனை வந்தபின் குலை அறுத்து, ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் காரியாலயத்துக்கு வந்தார். பின்னாலே அவருடைய இளைய மகன். கிள்ளானில் ஒரு சாமான் கிடங்கில் வேலை செய்யும் பத்தொன்பது வயதுப் பையன்.

"கிராணி ஐயா, இவனுக்குப் புத்தி சொல்லுங்க. என் சேமநிதிப் பணத்திலே தொள்ளாயிரம் வெள்ளி கேக்கிறான். பிரிக்பீல்ட்ஸிலே ஏதோ அறையிலே பாட்டுப் பதியணுமாம். இவன் பாடுறது பாட்டா, வாய்ச்சண்டையா?" என்றார்.

பையன் தலை குனிந்து நின்றான். "அப்பாவை ஒரு தடவை கேக்கச் சொல்லுங்க அண்ணே. வீட்டிலே ஆரம்பிச்சாலே எழுந்து போயிடுறாரு" என்றான்.

காரியாலயத் திண்ணையிலே அவனைப் பாடச் சொன்னோம். மேசையில் விரலால் தாளமிட்டுக்கொண்டு பாடினான். பொழுது புலருமுன் பெரட்டுக்கு ஓடியது, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு அவன் ஆத்தாள் மரம் மரமாக நடந்தது, மழை வந்தால் மங்கிலே பாலும் நீருமாகிக் கூலி போனது ஆகிய இவையே பாட்டின் பொருள். அவன் பிறக்குமுன் முடிந்துபோன வாழ்க்கை அது. ஆத்தாள் வாய்மொழியாகக் கேட்டதையே கோத்திருந்தான். பெரியவர் வாசற்பக்கம் பார்த்தபடி அமர்ந்திருந்தவர், நடுவிலே திடீரென்று கையைத் தூக்கி நிறுத்தினார்.

"அது தப்பு. வெட்டுக்கோட்டிலே காய்ஞ்ச பாலை உரிக்காமலா கத்தி வைப்பாங்க? முதல்லே உரிக்கணும், அப்புறம் வெட்டணும், அப்புறம்தான் மங்கைத் துடைச்சு வைக்கணும். தெரியாம எதையாவது பாடாதே."

பையன் சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்து அங்கேயே அந்த வரியைத் திருத்தினான். இன்னும் இரண்டிடங்களில் பெரியவர் திருத்தம் சொன்னார். மரத்துக்கு மரம் எத்தனை அடி தூரம் என்றும், வெளிக்காட்டுக்கு எந்தப் பக்கமாகப் போவது என்றும் சொல்லலானார். அரை மணி நேரத்துக்கு முன் வாய்ச்சண்டை என்று சொன்னவர் அவர்தாம் என்பது அவருக்கே மறந்துபோயிற்று.

பணத்தைப் பற்றி நாம் சொன்ன யோசனை கிராணிக்கு உரிய யோசனையே. இனாமாகக் கொடுக்க வேண்டாம், கடனாகக் கொடுங்கள், மாதம் எழுபத்தைந்து வெள்ளி வீதம் பன்னிரண்டு மாதம், கணக்கை நாம் எழுதுகிறோம் என்றோம். இருவரும் சம்மதித்தார்கள். பாட்டு பதிவாயிற்று. அது ஊரையெல்லாம் கலக்கிவிடவில்லை. சில ஆயிரம் பேர் கேட்டிருக்கலாம். பையன் கிடங்கு வேலையையும் விடவில்லை. பன்னிரண்டாவது மாதத்தில் கடைசி எழுபத்தைந்து வெள்ளியைக் கொண்டுவந்து வைத்தான். கணக்கை அடித்து மூடினோம். அவன் போனபின் பெரியவர் மெல்லக் கேட்டார்: "அடுத்த பாட்டுக்கு எவ்வளவு ஆகுமாம், ஐயா?"

அன்பர்களே! நம் பிள்ளைகள் அமெரிக்காவிலிருந்து தாளத்தையும், சென்னையிலிருந்து பல்லவியையும், நம் இலயத்திலிருந்து சொல்லையும் வாங்குகிறார்கள். "இது எங்கிருந்து வாங்கியது?" என்று கேட்டு அவர்களை வெட்கப்படுத்துவது எளிது. அவ்வாறு கேட்கத் தொடங்கினால், நாம் உண்ணும் அரிசியும் உடுக்கும் துணியும் கூட அக்கேள்விக்குத் தப்பா. சுவீடன்காரருடைய பாட்டை எடுத்து எரித்த பிரிட்டிஷ் இரட்டையருக்கும், இளையராஜாவின் பாட்டை எடுத்து ஒரு புதுத் தலைமுறையின் வாயில் வைத்த நம் வாலிபருக்கும் உள்ள வேறுபாட்டை எண்ணிப் பார்த்தால், கேட்க வேண்டிய கேள்வி வேறென்பது விளங்கும்: "வாங்கினாய், சரி, அதில் உன்னுடையதாக எதைச் சேர்த்தாய்?" அக்கேள்வியைக் கேட்பதற்கு முன், பாடுகிற பிள்ளையை எழுந்து போகாமல் ஒரு முறை முழுவதும் கேட்டுவிடுங்கள். எந்த வரியாவது தப்பாயிருந்தால் திருத்துங்கள். திருத்தத் தெரிந்தவர்கள் நம் இலயங்களில் இன்னும் சிலரே மிஞ்சியிருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே பாட்டு பதிவாகட்டும்.